மாசி மகத்தன்று வைத்த கூட்டம்

காலை ஏழரை மணிக்கு ரோஹிணி தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கேட்க ஆள் யாரும் இல்லை. திருவாரூரில் ஒரு கல்லூரியில் அன்று கருத்தரங்கு. ஆகஸ்ட் ஒன்பது, உலகத் தொல்குடி மக்கள் நாள். சிறப்புரை அவளுடையது. எழுதி வைத்ததைப் பார்க்காமல் சொல்ல வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாவது பிரிவு. எந்தத் தொல்குடி மக்களையும் அவர்களுடைய நிலத்திலிருந்து வலுக்கட்டாயமாக அகற்றக் கூடாது..."

"தோசை கருகுது" என்றான் நவநீத், துண்டோடு வந்து நின்று. "அத மொதல்ல கல்லுலேர்ந்து அகற்று. தொல்குடிங்கள அப்புறம் காப்பாத்திக்கலாம்."

நவநீத் அவள் கணவன். கும்பகோணத்தில் வங்கியில் வேலை. ரோஹிணி மன்னார்குடியில் ஒரு மகளிர் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறாள். வீடு தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. நவநீத்தின் அப்பா ராமசுப்பிரமணியன் மட்டும் இன்னும் நெடுவாய்க்கரை கிராமத்தில் இருந்துகொண்டு, விடாப்பிடியாக நெல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வாசல் கேட்டில் யாரோ தயங்கித் தயங்கித் தட்டினார்கள். ரோஹிணிக்கு அந்தத் தட்டல் தெரியும். காளியம்மாள்.

நெடுவாய்க்கரையில் வாய்க்காலை ஒட்டி ஒரு மேட்டுத் திட்டு இருக்கிறது. ஊரில் எந்த மழைக்கும் முழுகாத இடம் அது ஒன்றுதான். அதில் இருளர் குடும்பங்கள் சில, நினைவு தெரிந்த காலத்திலிருந்து குடியிருக்கின்றன. வயலில் எலி பிடிப்பதும் வாய்க்காலில் நண்டும் மீனும் பிடிப்பதும் அவர்கள் தொழில். எலி வளையை வெட்டும்போது உள்ளே சேர்ந்திருக்கும் நெல் வெட்டினவர்களுக்கே சொந்தம். அதை எந்த மிராசுதாரும் கேட்டதில்லை. காளியம்மாள் அந்தத் திட்டைச் சேர்ந்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு நெகிழிப்பை. பை தானாக அசைந்தது.

"வயல் நண்டு டீச்சரம்மா. போன வாட்டி நெஞ்சுச் சளின்னீங்கள்ல. மொளகு தட்டிப் போட்டு ரசம் வச்சிக் குடிங்க. சாருக்கும் குடுங்க, வங்கியில ஏசியில ஒக்காந்து ஒக்காந்து வெளுத்துப் போயிட்டாரு."

"என்னைய விடுங்க" என்று நவநீத் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

ரோஹிணி பையை வாங்கிச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, "உக்காருங்கக்கா, டிபன் சாப்பிடலாம்" என்றாள். காளியம்மாள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை.

"திட்டக் காலி பண்ணச் சொல்லி ஆர்டர் வந்துருச்சு. அங்க நெல்லு கொள்முதல் நெலையம் கட்டப் போறாங்களாம். எங்களுக்குப் பள்ளக்கொல்லையில எடம் குடுக்குறாங்களாம். கார்த்திகையில அங்க இடுப்பளவு தண்ணி நிக்கும். தவளையக் குடி வைக்கலாம், எங்கள எங்க வைக்கிறது?"

"நீங்க ஆட்சேபணை சொல்லலையா?"

ரோஹிணி கேட்டுவிட்டாள். பதில் அவளுக்குத் தெரியும்.

"எப்புடிச் சொல்லுறது? மாசி மகத்தன்னைக்குக் கூட்டம் வச்சிருக்காங்க. நாங்க எல்லாம் கடலுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தப்ப ஏதோ கூட்டம் நடந்துச்சுன்னாங்க, எதுக்குன்னு யாரும் சொல்லல. இப்பப் பாத்தா, எங்களுக்கு ஆட்சேபணையே இல்லன்னு தீர்மானமாம்." காளியம்மாள் ஊராருக்காகவும் தானே பரிந்து பேசினாள். "அவங்களையும் குத்தம் சொல்லக் கூடாது. நாங்க கடலுக்குப் போறது அவங்களுக்கு எங்க தெரியும்? நேரம் அப்புடி அமைஞ்சு போச்சு."

மேடையில் நண்டுகள் பையைக் கீறும் ஓசை கேட்டது.

"மனு குடுத்துருக்கோம். வர்ற வியாழக்கெழம பெரிய அதிகாரி திட்டுக்கே வருதாம். நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும். எங்களப் பத்திப் பொஸ்தகமே எழுதுனவங்க. நீங்க சொன்னா எடுபடும்."

"வர்றேன்க்கா" என்றாள் ரோஹிணி.

*

நடந்தது இதுதான்.

ரோஹிணி முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே இருளர்களும் நில உரிமையும்தான். கல்யாணமாகி நெடுவாய்க்கரைக்கு வந்த புதிதில், தினமும் திட்டுக்குப் போவாள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. காளியம்மாள்தான் அவளைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டாள். ஒரு மாசி மகத்துக்குத் தங்களோடு மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டும் போனாள். ஆண்டுக்கொரு முறை பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் அங்கே கூடுவார்கள். மணலில் குச்சி நட்டுச் சேலைகளைக் கட்டிக் கூடாரம் போடுவார்கள். மணலிலேயே படி கட்டிக் குலதெய்வம் கன்னியம்மாளைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, கல்யாணம் முடிப்பது, பிள்ளைக்கு மொட்டை போடுவது எல்லாம் அந்த மணலில்தான். போனால் மூன்று நாள் ஆகும் திரும்ப. திட்டில் நடக்க முடியாத கிழம் ஒன்றிரண்டைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஊராரிடம் சொல்லிக்கொண்டு போவதும் கிடையாது. சொன்னால், "அறுப்பு நேரத்துல என்ன கடலு?" என்று தடுப்பார்கள் என்ற பயம்.

ரோஹிணிக்கு மட்டும் தெரியும். சொல்லிக் கொடுத்தவள் காளியம்மாள்.

இந்த ஆண்டு தை மாதம் அறுவடை நேரத்தில் பருவம் தவறி மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்துக்குக் கூரை இல்லை. ஊர் நெல்லெல்லாம் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்தது. ராமசுப்பிரமணியன் படுதாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெல்லோடு நெல்லாக நனைந்து, நிமோனியா வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வீடு திரும்பியபோது குவியலில் நெல் முளைவிட்டிருந்தது. பச்சையாகத் தலை நீட்டியிருந்த அந்த முளையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை ரோஹிணி பார்த்தாள்.

அந்த வாரம்தான் ஊராட்சித் தலைவர் துரைராசு, மன்னார்குடியில் ரோஹிணியின் வீட்டுக்கு வந்தார். நவநீத்துக்கு மச்சான் முறை.

"தங்கச்சி, கூரை போட்ட கொள்முதல் நெலையத்துக்கு அனுமதி வந்தாச்சு. மேடான எடம் கேக்குறாங்க. நம்ம ஊர்ல மேடுன்னா திட்டுதான். அங்க இருக்கறவங்கள மாத்தணும்னா கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கணுமாம். வச்சா அந்தச் சனம் ஒக்காந்து ஒப்பாரி வைக்கும். நீங்க அதுலயே டாக்டர் பட்டம் வாங்குனவங்க. எப்ப வச்சா சிக்கல் இல்லாம முடியும்?"

ரோஹிணியின் மனம் என்னென்னவோ கணக்குப் போட்டது. மாமனார், முளைத்த நெல், ஊர் நன்மை. அவர்களுக்கும் மாற்று இடம் கிடைக்கத்தானே போகிறது? பிறகு சொன்னாள்.

"மாசி மகத்தன்னைக்கு சாயங்காலம் வைங்க."

"அன்னைக்கு நம்ம ஊர்ல பாதிப் பேரு கும்பகோணம் போயிடுவானே?"

"காலையில முழுக்குப் போட்டுட்டு மத்தியானம் திரும்பிடுவாங்க. அவங்க கடலுக்குப் போனா மூணு நாள்."

துரைராசு அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "படிச்சவங்க படிச்சவங்கதான்."

அவ்வளவுதான். அவள் யாரையும் விரட்டச் சொல்லவில்லை. பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. ஒரு நாளைச் சொன்னாள். இத்தனை மாதமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான்: நான் ஒரு நாளைத்தானே சொன்னேன்.

*

திருவாரூரில் உரை நன்றாகவே அமைந்தது. 2007-இல் ஐ.நா. பொதுச்சபை தொல்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை ஏற்றதையும், இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்ததையும் சொன்னாள். ஒப்புதல் என்பது மிரட்டல் இல்லாமல், முன்கூட்டியே, எல்லா விவரமும் தெரிந்து தருவதாக இருக்க வேண்டும் என்பதை விளக்கினாள். கைதட்டல் வந்தது. சால்வை போர்த்தினார்கள்.

கேள்வி நேரத்தில் தமிழ்நிலா என்ற மாணவி எழுந்தாள். "மேடம், இந்த மாதிரி சம்மதம் கேட்டு நம்ம பக்கத்துல எங்கயாவது நடந்திருக்கா? நீங்க நேர்ல பாத்துருக்கீங்களா?"

"எனக்குத் தெரிந்து இல்லை" என்றாள் ரோஹிணி. "அது தனியாக ஆய்வு செய்ய வேண்டிய விஷயம்."

மறுபடி கைதட்டல். சால்வைக்குள் அவளுக்கு வியர்த்தது.

வீட்டுக்கு வந்தபோது நவநீத் நண்டு ரசம் வைத்திருந்தான். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"வியாழக்கிழமை போகப் போறியா?" என்றான் அவன். அன்று துரைராசுவோடு நடந்த பேச்சை அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"வர்றேன்னு சொல்லிட்டேன்."

"போ. சட்டத்தப் பேசு. ஐ.நா.வப் பேசு. பள்ளக்கொல்லையில தண்ணி நிக்கும்னு சொல்லு. ஆனா தேதி விஷயத்த மட்டும் எடுக்காத. அப்பா அந்த ஊர்ல இருக்கணும் பாரு."

"அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘அவங்களுக்கு எங்க தெரியும்’னாங்க. அவங்க நமக்காகச் சாக்குச் சொல்றாங்க நவநீத்."

அவன் டம்ளரை வாங்கிப் போய் ரசத்தைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தான். அன்று அது மூன்று முறை சூடாகியது. கடைசியில் யாரும் குடிக்கவில்லை.

*

வியாழக்கிழமை கோட்டாட்சியர் மெஹராஜ் பேகம் திட்டுக்கு வந்தார். வேப்பமரத்தடியில் கன்னியம்மாளுக்கு நட்ட ஏழு கற்கள். அவற்றுக்கு எதிரே பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவந்த மேசை. ஒரு பக்கம் இருளர் குடும்பங்கள், மறுபக்கம் துரைராசுவும் நில உடைமையாளர்களும். கூட்டத்தில் ராமசுப்பிரமணியனும் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், கூட்டத்துக்கு மொத நாளு ஆட்டோவுல மைக் கட்டி அறிவிச்சோம்" என்றார் துரைராசு. "கூட்டம் முறையா நடந்துச்சு. யாரும் ஆட்சேபணை சொல்லல. இவங்க வரலைன்னா நாங்க என்ன வெத்தலபாக்கு வச்சா அழைக்க முடியும்?"

ரோஹிணி எழுந்தாள். முதலில் நவநீத் சொன்னபடியேதான் பேசினாள். பள்ளக்கொல்லை தாழ்வான இடம் என்றாள். பிரகடனத்தின் பத்தாவது பிரிவைச் சொன்னாள்.

"ஐ.நா. சபையா தங்கச்சி வந்து நம்ம நெல்லக் கொள்முதல் பண்ணப் போவுது?" என்றார் துரைராசு. கூட்டம் சிரித்தது. "இவங்கதான் ஆதிகுடின்னா, நாங்க மட்டும் என்ன கப்பல்ல வந்து எறங்குனவங்களா?"

கோட்டாட்சியர் சிரிக்கவில்லை. "பிரகடனத்த வச்சு நான் உத்தரவு போட முடியாது மேடம். அது ஒப்பந்தம் இல்ல. ஆனா கருத்துக் கேட்டது உண்மையிலேயே கேட்டதான்னு பாக்குறது என் வேலை." துரைராசுவின் பக்கம் திரும்பினார். "ஒன்னே ஒன்னு சொல்லுங்க தலைவரே. அன்னைக்கு இவங்க ஊர்ல இருக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

துரைராசுவின் பார்வை ரோஹிணியைத் தொட்டுவிட்டுப் போனது. "எங்களுக்கு எப்புடிங்கம்மா தெரியும்?"

கோட்டாட்சியர் இருளர் பக்கம் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. தெரியுமா அவங்களுக்கு?"

காளியம்மாள் எழுந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தையில் திட்டு அவர்களுக்கு மிஞ்சியிருக்கும். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்.

"தெரிஞ்சிருக்காதுங்க. கடலுக்குப் போறத நாங்க ஊர்ல சொல்லிக்கிறதில்ல. அவங்க மேல இல்லாத பழியச் சொல்லக் கூடாது. கன்னியம்மா பாத்துக்கிட்டு இருக்கு."

கோட்டாட்சியர் பேனாவை எடுத்தார்.

ரோஹிணிக்கு அந்த நிமிடம் நன்றாகத் தெரிந்தது: பேசாமல் நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சட்டத்துக்காக வாதாடியவள் என்ற பேரும் கெடாது. மாமனார் வீட்டு உறவும் கெடாது. காளியம்மாளின் நேர்மையே காளியம்மாளைப் பள்ளக்கொல்லைக்கு அனுப்பிவிடும். மறுபடியும் அவள் கொடுத்ததைக் கொண்டே அவளை ஏமாற்றுவது. ஒரு முறை செய்தாகிவிட்டது. இரண்டாம் முறை அவளால் முடியவில்லை.

"தெரியும் மேடம்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தலைவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். எப்ப வச்சா சிக்கல் இல்லாம முடியும்னு கேட்டார். மாசி மகத்தன்னைக்கு வைங்க, அவங்க மூணு நாள் கடலுக்குப் போயிடுவாங்கன்னு நான் சொன்னேன். அவங்க இல்லாத நாள்னு தெரிஞ்சேதான் அந்த நாள் குறிச்சது."

"தங்கச்சி!" துரைராசு கத்தினார். "என்ன பேச்சு இது? ஒங்க மாமனார் நெல்லும்தானே மொளச்சுது? ஊர் நெல்லு நனையாம இருக்கணும்னு நான் ஓடுனேன். அது தப்பா?"

"அது தப்பில்லண்ணே. கேக்காமலே கேட்டோம்னு எழுதுனோமே, அது தப்பு. அந்தத் தப்ப ஆரம்பிச்சு வச்சது நான்."

ராமசுப்பிரமணியன் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோஹிணியைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கூட்டத்தை விட்டு விலகி வாய்க்கால் கரையோரமாக வீட்டுக்கு நடந்தார்.

கோட்டாட்சியர் எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். "பழைய தீர்மானம் செல்லாதுன்னு பரிந்துரைக்கிறேன். மறுபடி கூட்டம் நடக்கட்டும். எங்கயும் இல்ல, இந்தத் திட்டுலயே. தேதிய ஊராட்சி குறிக்க வேண்டாம்." காளியம்மாளைப் பார்த்தார். "உங்களுக்குத் தோதான நாளச் சொல்லுங்கம்மா."

"எல்லாரையும் கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க" என்றாள் காளியம்மாள். அவள் கண் ரோஹிணியின் மேலேயே இருந்தது.

*

ஜீப் போன பிறகு ரோஹிணி அவளருகே போனாள். காளியம்மாள் கன்னியம்மாள் கற்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த வேப்பம் பழங்களைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் கலியாணச் சேலையிலதான் ஒங்களுக்குக் கூடாரம் கட்டுனேன்" என்றாள் நிமிராமல். "ஒடம்புல மணலு குத்தும்னு அடியில போடச் சாக்கு தேடி அலைஞ்சேன். கன்னியம்மாகிட்ட ஒங்க பேரையும் சொல்லிக் கும்புட்டேன். இதுவும் நம்ம புள்ளதான், படிக்க வந்துருக்கு, நல்லா வரணும்னு."

ரோஹிணியும் அவள் பக்கத்தில் குந்தினாள். "மன்னிச்சிடுங்கக்கா."

"அத இப்பக் கேக்காதீங்க."

"அக்கா..."

"இப்பக் கேட்டா நான் சரின்னுதான் சொல்லுவேன். பெரிய வீட்டுக்காரங்க வந்து எது கேட்டாலும் சரின்னு சொல்லியே எங்களுக்குப் பழகிப்போச்சு. வாய் தானா சொல்லிப்புடும். அது மன்னிப்பு ஆவாது." பழங்களைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "‘முடியாது’ன்னும் எங்களால சொல்ல முடியற அன்னைக்கு வந்து கேளுங்க. அன்னைக்கு என்ன சொல்றேனோ, அதுதான் பதிலு."

அவள் குடிசைக்குள் போய்விட்டாள். ரோஹிணி பின்னால் போகவில்லை.

ஆவணியில் இரண்டாம் கூட்டம் நடந்தது. நாளை இருளர்களே குறித்தார்கள். நடவு வேலை ஓய்ந்து பெண்கள் எல்லோரும் வீடு திரும்பியிருக்கும் ஒரு சாயங்காலம். திட்டில் இருந்த ஒவ்வொரு குடும்பமும் வந்து உட்கார்ந்திருந்தது, கைப்பிள்ளைக்காரிகளும் வந்திருந்தார்கள். காளியம்மாள் எழுந்து, "பள்ளக்கொல்லைக்கு நாங்க போவ மாட்டோம்" என்று சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனால் சொன்னாள். அதற்குப் பிறகுதான் துரைராசு முதல் தடவையாக, "சரி, அப்பச் சொல்லுங்க, நெல்லு நனையாம இருக்க வேற எந்த எடத்தப் பாக்கலாம்?" என்று அவர்களிடம் கேட்டார். பேச்சு அதோடு முடிந்துவிடவில்லை. சாலையோரத்துப் பழைய களத்தை மண்ணடித்து மேடாக்கலாமா என்று இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது. ராமசுப்பிரமணியன் மருமகளோடு அளவாகத்தான் பேசுகிறார். மன்னார்குடி வீட்டின் கேட்டை அந்தத் தயங்கிய கை அதன் பிறகு தட்டவில்லை. ஒவ்வொரு முறை கேட் சத்தம் கேட்கும்போதும் ரோஹிணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

கருத்தரங்கு உரைகளை நூலாகப் போடப் போவதாகத் திருவாரூரிலிருந்து சொன்னார்கள். ரோஹிணி தன் கட்டுரையின் முடிவை அடித்துவிட்டு வேறு எழுதினாள். தமிழ்நிலா கேட்ட கேள்விக்குத் தான் அன்று உண்மை சொல்லவில்லை என்று எழுதினாள். நெடுவாய்க்கரையில் நடந்ததை, தன் பெயரை மறைக்காமல், அப்படியே எழுதினாள். கடைசியாக இப்படி முடித்தாள்:

"ஒரு மக்கள் குழுவின் வாழ்க்கையை அறிந்து வைத்திருப்பது அவர்களுடைய உரிமையைக் காப்பதாகாது, அந்த அறிவே அவர்களை ஏமாற்றும் கருவியாகவும் ஆகலாம், நான் அப்படித்தான் ஆக்கினேன். சம்மதம் கேட்பதென்றால், ‘மாட்டோம்’ என்று சொல்லக்கூடியவர்கள் எதிரே இருக்கும் நாளில் கேட்க வேண்டும். அவர்கள் இல்லாத நாளைத் தேடிப் பிடித்துக் கேட்பவர், கேட்பதற்கு முன்பே அவர்களை வெளியேற்றிவிட்டார்."